கழற்றி எடுக்கத்தக்க வீடு

சென்னைத் துறைமுகச் சாலைகளில் நாள்தோறும் ஊர்ந்து செல்லும் சரக்குப் பெட்டகங்களைக் காணாதார் இலர். அத்தகைய 134 பெட்டகங்களை அடுக்கி எழுப்பிய கட்டடத்தில், அண்டார்க்டிகாவின் கடுங்குளிருக்கு நடுவே, இந்திய அறிவியலாளர்கள் தங்கி ஆய்வு செய்கின்றனர். லார்ஸ்மன் குன்றுகளில் 2012 மார்ச்சில் செயற்படத் தொடங்கிய ‘பாரதி’ நிலையமே அது.

துருவத்தில் எழும் கட்டடத்திற்கு வலிமையே முதல் தேவை என்று பலரும் கருதுவர். அக்கருத்து பாதி உண்மையே. இந்தியாவின் முதல் நிலையமான ‘தட்சிண் கங்கோத்ரி’ 1983–84இல் கடலோரப் பனித்தட்டின்மேல் அமைந்தது. வீசுகாற்று ஒரு தடையில் மோதி வேகம் குன்றும்போது, தான் சுமந்துவரும் பனித்துகளை அங்கேயே இறக்கிவிடும். அவ்வாறு குவிந்த பனி நிலையத்தையே புதைத்தது. 1990இல் அது கைவிடப்பட்டது. புயலுக்கு உடையாத கட்டடம் பனிக்குள் அமிழ்ந்து போயிற்று.

எனவேதான் 1989இல் எழுந்த ‘மைத்ரி’, பனியை விடுத்துப் பாறை நிலத்தில், எஃகுக் கால்களின்மேல் நின்றது. பாரதியும் அவ்வாறே நிற்கிறது. அடியில் புகுந்தோடும் காற்று பனியைத் தங்கவிடாமல் அடித்துச் செல்கிறது. பெட்டகங்களைச் சுற்றி வெப்பம் வெளியேறாத உலோகப் போர்வை உண்டு. மின்னாக்கிகளின் கழிவு வெப்பமே அறைகளைச் சூடாக்குகிறது. கோடையின் சில மாதங்களே கட்டுமானத்திற்குக் கிடைக்கும் அந்நிலத்தில், கப்பலில் வந்திறங்கும் பெட்டகமே கட்டடத்தின் எலும்புக்கூடாகிவிடுவது எத்துணைப் பெரிய சிக்கனம்! இதனை வடிவமைத்தோர் ஜெர்மானியக் கட்டடக் கலைஞர்கள். அதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை. கற்றுக்கொள்ளாமல் விடுவதே நாணத்தக்கது.

பிரிட்டனின் ஆறாம் ஹாலி நிலையம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. சறுக்குப் பலகைகள் பூட்டிய கால்களை உடைய அது, பனித்தட்டில் பிளவு வளர்ந்தபோது, பகுதி பகுதியாகப் பிரித்து 23 கிலோமீட்டர் தொலைவுக்கு இழுத்துச் செல்லப்பட்டது.

பொருத்துவது எளிது என்பதைவிட, பிரித்தெடுப்பது எளிது என்பதே இவ்வகைக் கட்டடத்தின் மேலான சிறப்பு. 1991ஆம் ஆண்டின் மாட்ரிட் உடன்படிக்கை, அண்டார்க்டிகாவில் கைவிடப்பட்ட பணியிடங்களை அவற்றை ஏற்படுத்தியோரே தூய்மை செய்ய வேண்டும் என்கிறது. அகற்றுவதால் சூழலுக்குக் கூடுதல் கேடு விளையுமாயின் விலக்கு உண்டு. ஆயினும் கட்டும் செலவைக் கணக்கிடுவோர் கழற்றும் செலவைப் பெரும்பாலும் எண்ணுவதில்லை. இது நிலநடுக்கோட்டு நாடுகளிலும் உள்ள பழக்கந்தான். அங்கு அதன் விளைவு கண்ணுக்குத் தெரியச் சற்றுக் காலம் ஆகும், அவ்வளவே.

மைத்ரி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்து முதுமை எய்திவிட்டது. ‘மைத்ரி 2’ அமைக்கும் திட்டத்தை 2024இல் கொச்சியில் நடந்த அண்டார்க்டிக் ஒப்பந்த நாடுகளின் கூட்டத்தில் இந்தியா அறிவித்தது. புதிய நிலையத்தின் வரைபடத்தோடு, பழைய நிலையத்தைப் பிரித்துக் கப்பலேற்றும் வரைபடமும் ஒரே மேசையில் விரிக்கப்பட வேண்டும். ஒவ்வோர் இணைப்பும் கையுறை அணிந்த கையால் கழற்றத்தக்கதா என்பதை, முதல் திருகாணி முடுக்கப்படுமுன்பே பொறியாளர்கள் இங்கேயே சோதித்துப் பார்த்தாக வேண்டும்.