பனிநாடும் பார்வையாளனும்

1968ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற யப்பானிய எழுத்தாளர் யசுனாரி கவபாட்டாவின் ‘பனிநாடு’ என்னும் நாவல், மலைநாட்டுக் குளிரையும் வெந்நீரூற்று விடுதியையும் கண்முன் நிறுத்துவது. ஆயின் அதன் நாயகன் சிமமூரா செல்வமிருந்தும் செயலற்றவன். மேடையில் ஒருபோதும் கண்டறியாத மேனாட்டு நடனத்தைப் பற்றி ஏடுகளைக் கொண்டே எழுதுபவன். கொமாகோ என்னும் கெய்சா நங்கை அன்பைச் சொரிந்தும், அவன் பார்த்திருப்பதன்றி யாதும் செய்திலன். அவள் உள்ளத்தையும் அவன் கண்வழியே அன்றி நாம் காண்டற்கில்லை. இஃது ஒரு குறையே. எனினும், அக்குறை தரும் சினமே நூலின் பயன் என்பேன். பிறர் துயரை அழகெனச் சுவைத்தமைபவன் சிமமூரா மட்டுமல்லன். ஏட்டை மூடியபின் வாளாவிருப்போமாயின் நாமும் அவனே. இலக்கியம் கற்கும் மாணவர் இதனைச் சிந்திப்பாராக.