திறப்பை யாரிடம் கொடுப்பது?



பள்ளிக்கூடத்தால் வந்ததும் புத்தகப்பையை ஒரு மூலையில் போட்டுவிட்டுப் பிள்ளைகள் கணினிக்கு முன்னால் இருந்துவிடுகிறார்கள் என்பது எமது வீடுகளில் நாளாந்தம் கேட்கும் முறைப்பாடு. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த வழக்கை இந்த முறை நாம் எடுக்கவில்லை. திரைக்குள் அவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்தால், எமது சங்கங்கள் பல இருபது முப்பது வருடங்களாகத் தள்ளிப்போட்டுவரும் ஒரு கேள்வியை அவர்கள் பன்னிரண்டு வயதிலேயே சந்திக்கிறார்கள் என்பது விளங்கும். ஓர் ஊரைக் கட்டியெழுப்பியவர் விலகும்போது அந்த ஊரின் திறப்பை யாரிடம், எப்படிக் கொடுப்பது என்பதே அந்தக் கேள்வி.

இன்ரநெற் வழியாகப் பல ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் சேர்ந்து விளையாடும் விளையாட்டுகள் 1990களின் பிற்பகுதியில் பரவத் தொடங்கின. சிலவற்றில் விளையாடுபவர்களே வெறும் நிலத்தில் ஊர் அமைக்கலாம். 2003இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘ஸ்டார் வோர்ஸ் கலக்சீஸ்’ இதற்கு நல்ல உதாரணம். ஒருவர் நகரமண்டபம் கட்டுவார். மற்றவர்கள் சுற்றிவர வீடு கட்டி அந்த ஊரின் குடிகளாகப் பதிந்துகொள்வார்கள். வரி உண்டு, பொதுப்பெட்டி உண்டு. கட்டடங்களைப் பராமரிக்கும் செலவு அந்தப் பெட்டியிலிருந்து போகும். பெட்டி வெறுமையானால் கட்டடம் பழுதடையும். மேயர் பதவி குடிகளின் வாக்கில் தங்கியிருந்தது. குறித்த இடைவெளியில் தேர்தல் வரும். இன்னொருவர் வென்றால் ஊர்ப்பொறுப்பு அவரிடம் போய்விடும். மண்டபத்தை நான்தான் கட்டினேன் என்று பழைய மேயர் உரிமை கொண்டாட முடியாது. குடிகள் குறைந்தால் ஊரின் தரம் இறங்கும். மேலும் குறைந்தால் ஊரே கலைந்துபோகும். 2011 டிசம்பர் 15ஆம் திகதி அந்த விளையாட்டையே மூடிவிட்டார்கள்.

எமது பிள்ளைகளுக்கு அதைவிடப் பழக்கமானவை ஜேர்மனியிலேயே செய்யப்பட்டவை. 2003இல் தொடங்கி, இப்போது ஹம்பேர்க் நகரின் இன்னோகேம்ஸ் நிறுவனத்தால் நடத்தப்படும் ‘டீ ஷ்டெம்மெ’ அவற்றில் ஒன்று. குலங்கள் என்பது அதன் பொருள். கிராமங்களை ஆளும் ஆட்கள் சேர்ந்து குலமாகிறார்கள். குலத்தைத் தொடங்கியவரிடம் முழு அதிகாரம் இருக்கும். ஆனால் அந்த அதிகாரத்தை அவர் மற்றவருக்கும் வழங்கலாம்: ஒருவருக்குப் புதியவரைச் சேர்க்கும் உரிமை, இன்னொருவருக்குப் பிறகுலத்தாரோடு பேசும் உரிமை என்று பிரித்தும் கொடுக்கலாம். ஒருவர் சில நாட்கள் வரமுடியாவிட்டால் தன் கிராமங்களைப் பார்த்துக்கொள்ள இன்னொருவரை முறைப்படி நியமிக்கலாம். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘உர்லௌப்ஸ்ஃபெர்ட்றேற்றுங்’. வேலைத்தலத்தில் நாங்கள் லீவில் போகும்போது எமது வேலையைப் பார்ப்பவருக்கு என்ன சொல்லோ, அதே சொல்தான்.

தலைவர் சொல்லாமல் மறைந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். ‘வோர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ற்’ விளையாட்டில் குழுத் தலைவர் 90 நாட்கள் எட்டிப்பார்க்காவிட்டால் தலைமை குழுவிலுள்ள இன்னொருவருக்குப் போக வழியுண்டு. மைன்கிராஃப்றில் ஊர் அமைத்து விளையாடப் பலரும் சேர்த்துக்கொள்ளும் ‘ரவுணி’ என்ற துணை நிரலில் மேயர் தானே இன்னொருவரின் பெயரைக் குறித்து மேயராக்கலாம். மேயருக்கு உதவியாளர்களும் உண்டு.

இந்த விதிகளை யாரும் பொழுதுபோக்குக்காக எழுதவில்லை. அபிற்றூர் பரீட்சை வந்தது, வேறு நகருக்கு மாறிப்போனார், ஆர்வம் விட்டுப்போயிற்று, தலைவர் வரவில்லை. பொதுப்பெட்டி அவர் பெயரில் பூட்டியிருக்கிறது. புதியவரைச் சேர்க்க ஆளில்லை. நாற்பது பேர் சேர்ந்து கட்டிய ஊர் ஒருவருக்காகக் காத்திருக்கிறது. இரண்டு மாதத்தில் பாதிப்பேர் வேறு ஊருக்குப் போய்விடுகிறார்கள். இப்படிப் பல ஊர்கள் அழிந்த பிறகே இந்த விதிகள் வந்தன.

இப்போது எமது ஊர்களுக்கு வருவோம்.

1983 கலவரத்துக்குப் பின் இந்த நாட்டுக்கு வந்த எம்மவர்கள், முகாம்களில் இருந்து வெளியே வந்த கையோடு சங்கம் அமைத்தார்கள். தமிழ் வகுப்பு, விளையாட்டுக் கழகம், கோயில், கலைமன்றம் எல்லாம் அப்படி எழுந்தவை. டொச் கொஞ்சம் தெரிந்தவர் தலைவரானார். நம்பிக்கையானவர் பொருளாளரானார். வேலை முடிந்து வந்து, இரவில் கடிதம் எழுதி, தன் காரில் கதிரை ஏற்றி இறக்கி அவர்கள் செய்த வேலைக்கு நாம் எல்லோரும் கடமைப்பட்டிருக்கிறோம். அவர்களில் பலர் இன்று அறுபது எழுபது வயதைத் தாண்டியவர்கள். இன்றும் அதே கையெழுத்து, அதே கோப்பு, அதே வீட்டு அலுமாரி. பின்னால் வந்து குடியேறிய குடும்பங்களோ, யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் ஒதுங்கி நிற்கின்றன.

அவர் ஒருநாள் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மண்டப வாடகை கட்ட வங்கியில் கையெழுத்து வைக்க ஆளில்லை. தமிழ் வகுப்புக்கு வகுப்பறை தந்த பள்ளிக்கூடத்திலிருந்து வரும் கடிதம் அவருடைய தபால்பெட்டியில் கிடக்கிறது. சனிக்கிழமை காலையில் ஐம்பது பிள்ளைகள் பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்கிறார்கள்.

ஜேர்மன் சட்டம் இதற்கும் வழி வைத்திருக்கிறது. 1900ஆம் ஆண்டு தொடக்கம் நடைமுறையில் இருக்கும் குடியியற் சட்டக்கோவையில், ‘பே.கே.பே.’ என்று சொல்கிறார்களே, அதில் சங்கங்களுக்கென்றே பல பிரிவுகள் உண்டு. புதிதாக வந்தவர்கள் இவற்றை அறிந்திருப்பது நல்லது. பதிவு செய்யும் சங்கத்துக்குக் குறைந்தது 7 உறுப்பினர்கள் வேண்டும். பிற்பாடு அந்தத் தொகை 3க்குக் கீழே போனால் நீதிமன்றம் அதன் பதிவுரிமையை எடுத்துவிடும். நிர்வாகத்துக்கு வர ஜேர்மன் குடியுரிமை வேண்டும் என்று அந்தக் கோவையில் எங்கும் இல்லை.

நிர்வாகத்தைத் தெரிவது உறுப்பினர் பொதுக்கூட்டம். பதவிக்காலம் எவ்வளவு என்பதைச் சங்கத்தின் யாப்பு, அதாவது ‘சற்சுங்’, சொல்ல வேண்டும். பலரும் கவனிக்காமல் விடும் இடம் இதுதான். புதிய நிர்வாகம் தெரிவாகும்வரை பழைய நிர்வாகம் பதவியில் இருக்கும் என்ற ஒரு வரி யாப்பில் இல்லாவிட்டால், காலம் முடிந்த அன்றே சங்கம் தலையில்லாத முண்டமாகிவிடும். அவசர நிலையில், சம்பந்தப்பட்டவர் விண்ணப்பித்தால், அம்ற்ஸ்கெரிக்ற் என்னும் வட்டார நீதிமன்றம் தற்காலிக நிர்வாகத்தை நியமிக்கலாம். இது பிரிவு 29. விளையாட்டில் 90 நாள் விதி எதற்கோ, இதுவும் அதற்குத்தான். ஆனால் நீதிமன்றம் வரை போவது மருந்துக்குப் பதில் சத்திரசிகிச்சை செய்வது போன்றது.

தலைவர் கூட்டத்தைக் கூட்டாமலே காலம் கடத்தினால் பிரிவு 37 இருக்கிறது. யாப்பு வேறு அளவு சொல்லாவிட்டால், உறுப்பினரில் பத்தில் ஒரு பங்கினர் காரணம் காட்டி எழுத்தில் கேட்டால் கூட்டம் கூட்டியே ஆகவேண்டும். அறுபது பேர் உள்ள சங்கத்தில் ஆறு கையெழுத்துப் போதும்.

தெரிவு முடிந்ததும் வேலை முடிந்துவிடாது. மாற்றத்தைச் சங்கப் பதிவேட்டில் பதிய வேண்டும். புதிய நிர்வாகம் கூட்ட அறிக்கையின் பிரதியோடு விண்ணப்பிக்கும். கையெழுத்தை வழக்கமாக நொத்தாரிசு உறுதிப்படுத்துவார். கூட்டத்தில் கைதட்டிப் புதியவரைத் தலைவராக்கிவிட்டுப் பதிவை மறந்துபோனால், வங்கிக்காரனுக்கும் வெளியாருக்கும் ஏட்டில் உள்ள பழைய பெயர்தான் தலைவர். உங்கள் சங்கத்தின் பெயரில் யார் பதிந்திருக்கிறார் என்பதை 2022 ஆகஸ்ட் முதல் பொதுப் பதிவேட்டு இணையத்தளத்தில் காசு கட்டாமலே பார்க்கலாம். காலமானவரின் பெயர் இன்னும் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் தயங்குகிறோம்? தடை மனதில்தான் இருக்கிறது. “அண்ணை இருக்குமட்டும் அவரே இருக்கட்டும்” என்கிறோம். கணக்கைக் கேட்டால் அவரைக் கள்ளன் என்று சொன்னது போலாகிவிடும் என்று பயப்படுகிறோம். இருபது வயதுப் பிள்ளை, “மாமா, கணக்குப் புத்தகத்தை ஒருக்கால் பார்க்கலாமா?” என்று கேட்டால் மாமாவின் முகம் மாறுகிறது. அந்தப் பிள்ளை அடுத்த கூட்டத்துக்கு வருவதில்லை. மாமாவோ, “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தமிழில் அக்கறை இல்லை” என்கிறார்.

எமது மூதாதையர் இந்தக் கூச்சத்தை வேறு விதமாகக் கையாண்டார்கள். தமிழ்நாட்டில் காஞ்சிபுரத்துக்கு அருகில் உத்திரமேரூர் என்ற ஊர் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அங்கே ஊர்ச்சபை வாரியங்களுக்கு ஆட்களைத் தெரியும் முறையைச் சொல்கின்றன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தார்கள். வாரியத்தின் காலம் 360 நாட்கள். 35 வயதுக்குக் குறையாதவராகவும் 70 வயதுக்கு மேற்படாதவராகவும் இருக்க வேண்டும். முந்திய மூன்று வருடத்துக்குள் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வர முடியாது. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்கவே முடியாது. அது நிலமும் வேதக்கல்வியும் உள்ள பிராமண ஆண்களுக்கு மட்டும் திறந்திருந்த சபை. அந்தப் பகுதியை நாம் பின்பற்றத் தேவையில்லை. ஆனால் ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முன்னரே, கணக்குக் காட்டுவதையும் வழிவிடுவதையும் ஆளின் நல்ல மனதுக்கு விட்டுவிடாமல் கல்லில் வெட்டி வைத்தார்கள். எல்லோருக்கும் பொதுவான விதி என்றால் அதில் யாருக்கும் அவமானம் இல்லை.

ஜேர்மன் சங்கங்களின் வழக்கமும் அதுவே. வருடாவருடம் நிர்வாகத்தில் இல்லாத இருவர் கணக்கைப் பரிசோதிப்பார்கள். பிறகு பொதுக்கூட்டம் நிர்வாகத்துக்கு ‘என்ற்லாஸ்ற்றுங்’ வழங்கும். அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் சுமை இறக்குதல். காட்டிய கணக்கை ஏற்றுக்கொண்டோம், இனி அதன் பாரம் உங்கள் தோளில் இல்லை என்று சபை சொல்வது. கணக்குக் கேட்பது பழைய பொருளாளருக்கு எதிரானது என்று எண்ணுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பத்து வருடம் கழித்து யாராவது ஒரு கதை கட்டினால் அவருடைய பெயரைக் காப்பாற்றப் போவது அந்த அறிக்கைதான்.

ஆகவே, அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன்னர் ஒவ்வொரு சங்கமும் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, ஒரு பட்டியல் எழுதுங்கள். மண்டபத் திறப்பு, வங்கிக் கணக்கு, முத்திரை, யாப்பின் மூலப்பிரதி, உறுப்பினர் விபரம், வரி அலுவலகக் கடிதங்கள், மின்னஞ்சல் முகவரி ஆகியவை யாரிடம் இருக்கின்றன என்று அதில் இருக்கட்டும். மின்னஞ்சல் தலைவரின் சொந்தப் பெயரில் இருந்தால் அதைச் சங்கத்தின் பெயருக்கு மாற்றுங்கள்.

இரண்டாவது, ஒவ்வொரு பதவிக்கும் ஒரு துணைப்பதவி வையுங்கள். பெயருக்கு வேண்டாம். ஒரு வருடம் கடிதங்களைத் துணைத்தலைவர் எழுதட்டும், தலைவர் திருத்தட்டும். வங்கிக்கும் நகரசபைக்கும் இருவரும் சேர்ந்து போகட்டும். சட்டென்று திறப்பை வீசிவிட்டுப் போவதும் கைமாற்றம் ஆகாது.

மூன்றாவது, அந்தத் துணைப்பதவிகளுக்கு இங்கே படித்த பிள்ளைகளையும், நேற்று வந்த குடும்பங்களையும் கூப்பிடுங்கள். பெண்பிள்ளைகளைத் தேநீர் பரிமாறவும் வரவேற்புரைக்கும் மட்டும் கூப்பிடுவதை நிறுத்துவோம். எமக்கு அகராதி தேவைப்படும் கடிதத்தை அவர்கள் ஒரு மூச்சில் வாசிக்கிறார்கள்.

நான்காவது, விலகுபவரை மரியாதையோடு அனுப்புங்கள். கௌரவத் தலைவர், ஆலோசகர் என்ற இடங்களை யாப்பிலேயே வைக்கலாம். அவரது அனுபவம் சங்கத்துக்கு வேண்டும். கையெழுத்து அதிகாரம் மட்டும் இடம் மாறட்டும்.

பொறுப்பில் இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வார இறுதியில் உங்கள் வீட்டுப் பிள்ளையிடம், “நீ விளையாடும் ஊரில் தலைவர் வராவிட்டால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். அவன் அல்லது அவள் சொல்லும் விதிகளைப் பொறுமையாகக் கேளுங்கள். பிறகு சங்கக் கோப்பை மேசையில் விரித்து, “இதைக் கொஞ்சம் வாசித்துச் சொல்லு” என்று கேளுங்கள். தங்களுக்கும் இதில் இடமுண்டு என்று கண்டால் பிள்ளைகள் வருவார்கள்.