நம்மவர் வண்டி

எங்கள் தேனிப் பக்கத்தில் மாடு பிடிக்கச் சந்தைக்குப் போகும் உழவர், விற்பவர் சொந்த மைத்துனராகவே இருந்தாலும், மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்காமல் மடியிலிருந்து பணத்தை எடுக்கமாட்டார். சுழி பார்ப்பார், நடக்கவிட்டுக் கால் பார்ப்பார், ஏரில் பூட்டி இழுக்கவிட்டும் பார்ப்பார். மைத்துனரும் அதைக் குற்றமாகக் கொள்வதில்லை. 'நன்றாகப் பார்த்துக்கொள், பிறகு என்னைச் சொல்லாதே' என்று அவரே கயிற்றைக் கையில் கொடுப்பார். எழுத்தறியாத அந்தப் பாட்டன்மாருக்கு இருந்த தெளிவு, முதுகலை படிக்கும் நமக்கு ஏன் இல்லை? நம் மன்றத்து நண்பர்கள் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கும் முறையைக் கண்டபோது என் உள்ளத்தில் எழுந்த கேள்வி இது.

மோட்டார் சைக்கிள் ஒரு மாணவனுக்குத் தேவைதானா என்று கேட்கும் அன்பர்கள் இருக்கலாம். எல்லோருக்கும் தேவையில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை மலைக்குப் போகிறவர் வாடகைக்கு எடுத்துக்கொள்வதே சிக்கனம். நானோ நிலவியல் மாணவன். இமயத்தின் பழைய பாறைகள் இளம் பாறைகளின்மேல் ஏறி நிற்கும் பிளவு, டேராடூனை அடுத்த ராஜ்பூர்ப் பக்கம் ஓடுகிறது. மால்தேவதாவில் பாஸ்பேட் பாறை இருக்கிறது. மோகண்டுப் பக்கத்துச் சிவாலிக் குன்றுகளில், மழைக்காலத்தில் மட்டும் நீர் ஓடும் கல்லாறுகளே எங்கள் பாதை. பேருந்து நின்றுவிடும் இடத்திலிருந்துதான் எங்கள் வேலை தொடங்குகிறது. கல்லிலும் மணலிலும் ஓடக்கூடிய வண்டி ஒன்று இருந்தால் ஒரே நாளில் முடியும் வேலை, இல்லாவிட்டால் மூன்று நாள் இழுக்கிறது.

என்னிடம் இருந்தது தொண்ணூறாயிரம் ரூபாய். நாற்பதாயிரம் உதவித்தொகையில் மிச்சம் பிடித்தது. மீதி ஐம்பதாயிரம், ஏலக்காய் தரம் பிரிக்கும் கூலியில் என் தாய் மாதந்தோறும் கட்டிய சீட்டுப் பணம். இதைச் சொல்வது இரக்கம் தேட அன்று. இங்கே வண்டி வாங்கும் நம்மவரில் பலருடைய பணம் இத்தகையதே. அந்தப் பணத்தைத்தான் நாம் பல்லைப் பாராமல் கொடுத்துவிடுகிறோம்.

நம் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. படிப்பு முடித்துச் செல்லும் அண்ணன் தம் வண்டியைத் தம்பிக்கு விற்றுவிட்டுப் போவார். அந்தத் தம்பி தான் போகும்போது அடுத்தவனுக்கு விற்பான். பணம் கைமாறும், சாவி கைமாறும், பதிவுப் புத்தகத்தில் பெயர் மட்டும் மாறாது. எனக்கும் அப்படி ஒரு வண்டி வந்தது. 411 சி.சி. எஞ்சின் பொருத்திய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், தமிழ்நாட்டு எண். "வெளியாளுக்கு என்றால் ஒரு லட்சம். உனக்கென்பதால் எண்பத்தையாயிரம் போதும், தம்பி" என்றார் அண்ணன். ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கவும் கொடுத்தார். அவர் என்னை ஏமாற்ற எண்ணியவர் அல்லர். நான் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்த கை அவருடையது.

டிசம்பர் மாதம். மால்தேவதாவுக்கு மேலே சோங் ஆற்றின் கற்படுகையில் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். உருண்டைக் கல் ஒன்றில் முன்சக்கரம் வழுக்கிற்று. வண்டி சாய்ந்து என் வலக்காலின்மேல் விழுந்தது. எலும்பு முறியவில்லை. ஆனால் காலை உருவவும் முடியவில்லை, வண்டியைத் தூக்கவும் முடியவில்லை. கைப்பேசியில் இணைப்பு இல்லை. ஆற்றில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த இருவர் அரை மணி நேரம் கழித்து அந்தப் பக்கம் வந்தார்கள்; தூக்கிவிட்டார்கள். அந்த அரை மணி நேரத்தில் நான் கற்றது, பல நாள் படித்த விளம்பரங்களில் இல்லாதது. அந்த வண்டியின் எடை 190 கிலோவுக்கு மேல். என் எடை 58 கிலோ. தார்ச்சாலையில் அந்த எடை சுகமான அமைதி தருகிறது. தனியாகச் செல்பவனுக்கு ஆற்றங்கல்லில் அதுவே விலங்காகிவிடுகிறது.

ஆகவே, மலைப்பாதைக்கு வண்டி தேடும் நண்பர்களுக்கு என் முதல் கருத்து இது: எஞ்சின் எவ்வளவு பெரியது என்று கேட்பதற்கு முன், கீழே விழுந்தால் தனியாக உங்களால் தூக்க முடியுமா என்று கேளுங்கள். உரிமையாளரின் இசைவோடு வண்டியைப் புல்தரையில் மெல்லச் சாய்த்துத் தூக்கிப் பாருங்கள். வண்டியைக் கியரில் போட்டுவிட்டு, இருக்கையை நோக்கி முதுகைக் காட்டி நின்று, முழங்காலை மடக்கிக் கால்களின் வலுவால் எழ வேண்டும். எழவில்லையா? அந்த வண்டி உங்களுக்கு உரியதன்று.

நம் நாட்டுச் சந்தையில் இந்த வகையில் குறைந்த விலைக்குக் கிடைப்பவை சிலவே. 2011இல் வந்த ஹீரோ இம்பல்ஸ் 150 சி.சி. வண்டி; எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் அது இப்போது உற்பத்தியில் இல்லை. சில உதிரி பாகங்களுக்கு அலைய நேரும் என்று பழுது பார்ப்பவர் எச்சரித்தார். 2019இல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200இன் எடை ஏறத்தாழ 155 கிலோ. முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 18 அங்குலம். தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் இடைவெளி 220 மில்லிமீட்டர். பெரிய சக்கரம் கல்லின்மேல் ஏறிக் கடக்கும். சிறிய சக்கரம் முட்டி நிற்கும். இங்கே ஒரு பெயர் மயக்கமும் உண்டு. எக்ஸ்பல்ஸ் 200டி என்ற வண்டி பெயரில்தான் உறவு. 17 அங்குலச் சக்கரங்களோடு சாலைக்கென்று செய்யப்பட்டது. கடைசி எழுத்தைக் கவனியாமல் முன்பணம் கொடுத்துவிட்டுப் பின்னர் வருந்தியவரை நான் அறிவேன். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கெல்லாம், பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். அதற்கு முந்தைய வண்டியானால் அது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வண்டியின் பல்லைப் பிடித்துப் பார்ப்பது எப்படி? எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். நீங்கள் வருமுன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால், காலையில் கிளம்ப மறுக்கும் நோயை மறைக்கிறார்கள் என்று ஐயுறலாம். புகை நீலமாக வந்தால் எஞ்சின் எண்ணெயைக் குடிக்கிறது. எண்ணெய் பால் கலந்த தேநீர் போலிருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. ஆற்றில் இறங்கிய வண்டிகளுக்கு இது வரும். முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு உண்டா என்று விரலால் தடவுங்கள். ஆரக்கம்பிகளை ஒரு சிறு ஸ்பானரால் தட்டுங்கள். இறுக்கமானது கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். பின்சக்கரத்துப் பற்சக்கரத்தில் செயினைப் பிடித்துப் பின்னோக்கி இழுங்கள். பல்லின் பாதி வெளியே தெரிந்தால் செயின் தேய்ந்துவிட்டது. கடைசியாகத் தரையில் படுத்து அடிப்பாகத்தைப் பாருங்கள். மேலே உள்ள வண்ணம் பொய் சொல்லும். எஞ்சினுக்குக் கீழேயுள்ள தகட்டின் பள்ளங்களும், சட்டத்தின் ஒட்டுகளில் புதிதாகப் பூசிய வண்ணமும் உண்மையைச் சொல்லிவிடும்.

விழுந்தெழுந்து விடுதிக்குத் திரும்பிய அன்று மாலைதான் பதிவுப் புத்தகத்தைப் புரட்டினேன். அதில் இருந்தது அண்ணன் பெயரன்று. அவருக்கு விற்றவர் பெயருமன்று. அவருக்கும் முன்னே இங்கே படித்துக் கோவைக்குப் போய்விட்ட ஒருவர் பெயர். மன்றத்துப் பழைய மலரைப் புரட்டி, நாலு பேரைக் கேட்டு, அவருடைய எண்ணைப் பிடித்துப் பேசினேன். "அது ஆறு வருடத்துக்கு முன்பே விற்ற வண்டியாயிற்றே! பெயர் மாற்றிவிட்டதாகச் சொன்னார்களே!" என்றார். பிறகு சற்று நேரம் அவர் பேசவேயில்லை. என்னால் அந்த ஆற்றில் வேறொருவர் அடிபட்டிருந்தால், வண்டியின் முகத்தையே மறந்துவிட்ட அந்த மனிதருக்கல்லவா முதலில் ஓலை போயிருக்கும்?

இது வெறும் அச்சமன்று. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பெயர் மாறாமலே பல கை மாறிய ஒரு வண்டியின் வழக்கில், பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், நட்ட ஈட்டுக்கும் அவரே பொறுப்பாளி என்று தீர்ப்பளித்தது. இன்சூரன்ஸ் தீர்ந்துபோன வண்டியென்றால் அந்தச் சுமை முழுதும் அவர் தலையில் விழும். வாங்கியவனுக்கும் நன்மையில்லை. வண்டி களவுபோனால் தன்னுடையது என்று சொல்ல அவனிடம் ஒரு துண்டுத்தாளும் இல்லை.

செய்ய வேண்டியவை கடினமானவையுமல்ல. சட்டத்தில் பொறித்துள்ள சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் புத்தகத்தோடு ஒத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வங்கிக் கடன் குறிப்பு இருந்தால் அது நீக்கப்பட வேண்டும். பெயர் மாற்றப் படிவங்கள் 29, 30. வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸைத் தம் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் எழுத வேண்டும். வேற்று மாநில வண்டியானால் அது பதிவான அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். அதற்குப் படிவம் 28. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கேயே வைத்திருந்தால் இங்கே புது எண் பெற வேண்டும். சாலை வரியும் கட்ட வேண்டியிருக்கும். தமிழ்நாட்டு எண்ணைக் கண்டு ஊர்ப்பாசம் கொள்வதற்கு முன் இந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணனிடம் சென்று, பெயர் மாறிய பிறகே பணம் தர முடியும் என்றேன். அவர் முகம் சுருங்கிற்று. "நம்மவர் என்ற நம்பிக்கைகூட இல்லையா உனக்கு?" என்று கேட்டார். அந்தச் சொல் என்னைச் சுட்டது. மொழி தெரியாத ஊரில் எனக்குத் தமிழில் ஆறுதல் சொன்னவரை நான் அவமதித்துவிட்டேனோ என்று இரண்டு இரவு உறங்கவில்லை. எண்ணிப் பார்த்த பிறகு எனக்குத் தெளிந்தது இது: அவரை நம்பாததால் நான் கேட்கவில்லை. நாளை நான் ஒருவனை இடித்துவிட்டால் கோவையிலுள்ள ஒருவர் குடும்பம் துன்பப்படக் கூடாதே என்று கேட்டேன். அவரும் நம்மவர்தாமே? முகம் தெரிந்த நம்மவருக்காக முகம் தெரியாத நம்மவரைப் பலியிடுவது என்ன பாசம்?

அண்ணன் பிறகு கோவைக்காரரோடு பேசிச் சான்று வாங்கினார். ஏறக்குறைய மூன்று மாதம் ஆயிற்று. அந்த வண்டியை வாட்டசாட்டமான வேறொரு நண்பர், முறைப்படித் தம் பெயரில் வாங்கிக்கொண்டார். அண்ணன் இன்றும் என்னோடு பேசுகிறார். முன்போல் தோளில் கை போடுவதில்லை. அது எனக்கு வருத்தந்தான். ஆனாலும் கேட்டதற்காக நான் வருந்தவில்லை.

நான் வாங்கியது இவ்வூர்க்காரர் ஒருவரின் எக்ஸ்பல்ஸ், அறுபதாயிரம் ரூபாய். மீதி முப்பதாயிரத்தை முதலிலேயே தனியே எடுத்து வைத்துவிட்டேன். டயர்கள், செயின், ஃபோர்க்கின் எண்ணெய்த் தடுப்பு, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தலைக்கவசம், கணுக்காலை மூடும் காலணி, இன்சூரன்ஸ், பெயர் மாற்றம் எல்லாம் அதிலேதான். கையில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கை வண்டிக்குக் கொடுக்காமல் வைத்திருப்பவரே பழைய வண்டி வாங்கத் தகுந்தவர் என்பது என் முடிவு. முழுப் பணத்தையும் வண்டிக்கே கொடுத்தவர் தலைக்கவசத்தில்தான் சிக்கனம் பிடிப்பார்; அதைப் பார்த்திருக்கிறோம்.

மன்றத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் நூல்கள் இருக்கும் அலமாரியில் ஒரு குறிப்பேடு வைப்போம். நமக்குள் விற்கப்படும் ஒவ்வொரு வண்டியின் எண்ணும், விற்றவர் வாங்கியவர் பெயர்களும், பதிவுப் புத்தகத்தில் பெயர் மாறிய நாளும் அதில் ஏறட்டும். பெயர் மாறிய பிறகே முழுப் பணம் என்பதை நம் பொது வழக்கமாக்கிவிட்டால், கேட்பவனுக்குக் கூச்சமில்லை. கேட்கப்படுபவருக்கும் மனக்குறை இல்லை. சந்தையில் மைத்துனர் கயிற்றைக் கொடுப்பதுபோல் வழியனுப்பு விழாவன்று அண்ணன்மார் சாவியோடு பெயர் மாறிய புத்தகத்தையும் கொடுக்கட்டும். அடுத்த ஆண்டு அந்த விழாவில் நானும் விடைபெற வேண்டியவன். என் வண்டியின் பக்கத்தை இப்போதே அந்தக் குறிப்பேட்டில் எழுதிவைக்க ஆயத்தமாக இருக்கிறேன்.