பெயர் மாறாமல் பொருள் மாறலாமா?

ஒரு தொழிற்சாலை தான் செய்யும் பொருளைத் திருத்தி அமைப்பது குற்றமன்று. திருத்த வேண்டியதைத் திருத்தாமல் விடுவதே பல வேளைகளில் குற்றமாகும். ஆனால் பொருளைத் திருத்திவிட்டு, அச்செய்தியை மறைத்து, பழைய பெயரிலேயே விற்பது முற்றிலும் வேறான செயலாகும். உயர்ந்த விலைக்கு விற்கப்படும் சமதளக் காந்த ஹெட்போன்களைப் பற்றி இசை ஆர்வலரிடையே எழும் விவாதங்களுக்கெல்லாம் வேர் இங்கேதான் உள்ளது. ஓராண்டில் வாங்கியவரும் அடுத்த ஆண்டில் வாங்கியவரும் ஒரே பெயருள்ள கருவியை வைத்திருக்கின்றனர். ஆனால் இருவரும் கேட்கும் ஒலி ஒன்றாக இருப்பதில்லை. இவ்வேறுபாடு தயாரிப்பில் நேர்ந்த குறையா, அன்றி வடிவமைப்பில் வேண்டுமென்றே செய்த மாற்றமா என்பதை அறிய வாங்குவோருக்கு வழியில்லை. மின்னணுத் தொழிலும் வானூர்தித் தொழிலும் வேரூன்றிய பெங்களூர் நகருக்கு இவ்வினா புதியதன்று. அதற்குரிய விடையும் அந்நகரின் தொழிற்கூடங்களில் நெடுங்காலமாக நடைமுறையில் இருந்து வருகிறது.

கருவியின் அமைப்பு

சாதாரண ஹெட்போனில் ஒரு சிறு படலத்தின் நடுவே கம்பிச் சுருள் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். காந்தப் புலத்தில் அச்சுருள் முன்னும் பின்னும் அசையும்போது படலமும் உடன் அசைந்து ஒலியை எழுப்பும். சமதளக் காந்த ஹெட்போனில் தனிச் சுருள் இல்லை. தலைமயிரைக் காட்டிலும் பன்மடங்கு மெலிந்த பிளாஸ்டிக் படலத்தின் மேல், அலுமினியம் போன்ற உலோகத்தாலான மின்பாதை வளைந்து வளைந்து படிந்திருக்கும். படலத்தின் ஒரு புறத்திலோ இரு புறங்களிலோ காந்தச் சட்டங்கள் வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கும். மின்னோட்டம் பாயும்போது படலத்தின் பெரும் பரப்பு முழுவதும் ஏறத்தாழ ஒரே சீராக உந்தப்படுகிறது. ஒலி திரிபு குறைந்து, தெளிவு மிகுந்து கேட்பதற்கு இதுவே காரணம்.

இத்தத்துவம் புதியதன்று. 1972-இல் இங்கிலாந்தின் வார்ஃபடேல் நிறுவனமும், 1976-இல் ஜப்பானின் யமஹா நிறுவனமும் இவ்வகைக் கருவிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தன. பின்னர் மங்கிப்போன இம்முறை, வலிமை மிக்க நியோடிமியக் காந்தங்களும் மிக மெல்லிய படலங்களும் கிடைத்த பிறகு, இந்நூற்றாண்டில் மீண்டும் தலையெடுத்தது.

மிருதங்கத் தோல் கற்பிக்கும் பாடம்

மெல்லிய படலம் எத்துணை நுட்பமானது என்பதைப் பெங்களூரில் வாழ்ந்த மேதை ஒருவரின் ஆராய்ச்சி நன்கு விளக்குகிறது. சர் சி. வி. ராமன் 1920-இலேயே இந்தியத் தோற்கருவிகளின் ஒலியைப் பற்றி எழுதினார். 1933-இல் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராகப் பெங்களூருக்கு வந்த அவர், மறு ஆண்டிலேயே அப்பொருளைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டார். எங்கும் ஒரே கனமுள்ள வட்டத் தோலைத் தட்டினால் எழும் மேற்சுரங்கள் அடிச்சுரத்தோடு இசைந்து நிற்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் கரணை என்னும் கருஞ்சாந்தைப் படிப்படியாக ஏற்றும்போது அம்மேற்சுரங்கள் இசைவு பெறுகின்றன. படலத்தின் மேல் எடை எங்கே, எவ்வளவு பரவியுள்ளது என்பதே அதன் ஒலியை நிர்ணயிக்கிறது என்பது இதனால் விளங்கும்.

ஹெட்போன் படலத்துக்கும் இவ்விதி பொருந்தும். மின்பாதையின் கனம் ஓரிடத்தில் சிறிது கூடினாலும், ஒட்டுப்பசை ஒரு மூலையில் மிகுந்தாலும், ஒலி மாறும். இழுவிசையும் அவ்வாறே. இழுத்துக் கட்டிய படலத்தின் அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இழுவிசை 10 சதவீதம் கூடினால் அதிர்வெண் ஏறத்தாழ 5 சதவீதம் உயரும். இடக் காதின் படலமும் வலக் காதின் படலமும் இவ்வளவு வேறுபட்டால், பாடுபவரின் குரல் நடுவில் நில்லாமல் ஒரு பக்கமாக விலகித் தோன்றலாம். மிருதங்க வித்துவான் கச்சேரிக்கு முன் கல்லும் கட்டையும் கொண்டு தம் கருவியைச் சுருதி சேர்த்துக்கொள்வார். ஹெட்போன் வாங்கியவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. தொழிற்சாலையில் சேர்த்த சுருதியே இறுதியானது.

இரு வேறு மாறுபாடுகள்

தரக் கட்டுப்பாடு என்னும் விஞ்ஞானம் தோன்றியதே இத்தகைய ஒலிக்கருவிகளை ஒட்டித்தான் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் டெலிபோன் கருவிகளைப் பெருவாரியாகச் செய்துவந்தது. அங்குப் பணியாற்றிய வால்ட்டர் ஷூவார்ட் 1924-ஆம் ஆண்டு மே மாதத்தில் கட்டுப்பாட்டு வரைபடத்தை முதன்முதலாக வரைந்து காட்டினார். எந்தத் தயாரிப்பிலும் தற்செயலாக நேரும் சிறு வேறுபாடுகள் உண்டு. அவற்றை அறவே நீக்க இயலாது. அவற்றுக்கு அப்பால், குறிப்பிட்ட காரணத்தால் விளையும் வேறுபாடுகள் வேறு. அவற்றைத் தேடிக் கண்டு களைதல் வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறிவதே அவ்வரைபடத்தின் பயன்.

பேராசிரியர் மகலனோபிஸின் அழைப்பின் பேரில் ஷூவார்ட் 1947-48-இல் இந்தியாவுக்கு வந்தார். இந்தியப் புள்ளியியல் கழகம் 1954-இல் பெங்களூரிலும் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவொன்றை நிறுவியது. 1948-இல் தொடங்கிய இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ், 1954-இல் தொடங்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஆகிய பெருந்தொழிற்சாலைகள் அந்நகரில் வளர்ந்துவந்த காலம் அது.

ஷூவார்ட் வகுத்த இப்பிரிவினையையே ஹெட்போன் விஷயத்திலும் கையாள வேண்டும். ஒரே நாளில், ஒரே வடிவமைப்பின்படி செய்த நூறு கருவிகளிடையே காணும் வேறுபாடு தரக் கட்டுப்பாட்டைச் சார்ந்தது. சென்ற ஆண்டின் கருவிக்கும் இவ்வாண்டின் கருவிக்கும் இடையே தொழிற்சாலை வேண்டுமென்றே செய்த வேறுபாடு வடிவமைப்பைச் சார்ந்தது. முன்னதற்கு மருந்து சோதனை. பின்னதற்கு மருந்து அறிவிப்பு. அறிவிப்பு இல்லாத இடத்தில் இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. நல்ல கருவியைக் குறையுள்ளது என்று திருப்பி அனுப்புவோரும் உண்டு. குறையுள்ள கருவியைப் 'புதிய வடிவம் போலும்' என்று எண்ணி ஏற்றுக்கொள்வோரும் உண்டு.

சிறு மாற்றம், பெரு விளைவு

மாற்றம் பெரியதாக இருக்க வேண்டுவதில்லை. காதைச் சுற்றிப் பொருந்தும் மெத்தையை மாற்றுவது வெறும் அலங்காரம் என்று தோன்றும். ஆனால் மெத்தையின் தடிப்பு மாறினால் காதுக்கும் படலத்துக்கும் இடையேயுள்ள வெளி மாறும். அதன் துணி மாறினால் காற்றுக் கசிவு மாறும். கீழ்ச்சுரங்களின் வலிமை கசிவைப் பொறுத்தது. எனவே மெத்தையை மாற்றுவது கருவியையே மாற்றுவதற்கு ஒப்பாகும்.

அமெரிக்காவின் ஆடிசி நிறுவனத்தின் எல்.சி.டி.-2 என்னும் ஹெட்போனின் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2014-ஆம் ஆண்டையொட்டி அந்நிறுவனம் காந்தங்களின் மேல் ஒலியலைகளை வழிப்படுத்தும் சிறு பகுதிகளைப் பொருத்தி, அவற்றுக்கு ஃபேசர் என்று பெயரிட்டு அறிவித்தது. புதிய ஒலியை விரும்பியவர் பலர். பழைய ஒலியே நன்று என்றவரும் பலர். 2017-இல் அப்பகுதிகள் இல்லாத வடிவம் ஒன்று 'கிளாசிக்' என்னும் தனிப்பெயரோடு வெளிவந்தது. எது சிறந்தது என்பது இங்கு வினாவன்று. மாற்றத்துக்கு ஒரு பெயர் இருந்தமையால், வாங்குவோர் தாம் வேண்டியதைத் தெரிந்தெடுக்க முடிந்தது என்பதே கருதத்தக்கது.

பெயருக்கும் அளவுக்கும் உள்ள தொடர்பு செவி மருத்துவத்தில் இன்னும் கண்டிப்பானது. செவித்திறனைச் சோதிக்கும் கருவிகளுக்குரிய அடிப்படை அளவுகளைக் கூறும் சர்வதேசத் தரநூல், டி.டி.எச்.-39 போன்ற ஹெட்போன்களின் மாதிரிப் பெயரைச் சொல்லியே அவ்வளவுகளைத் தருகிறது. அங்கே பெயர் மாறாமல் பொருள் மாறினால், நல்ல செவியுள்ள குழந்தை செவிடு என்று கணிக்கப்படலாம். செவிக்குறை உள்ள குழந்தை சிகிச்சையின்றி விடப்படலாம். இசை கேட்பதில் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்தில்லை என்பது உண்மையே. ஆயினும் ஒலிப்பதிவுக் கூடத்தில் பணிபுரிவோருக்கும் ஒலி ஆராய்ச்சி செய்வோருக்கும் ஹெட்போன் ஓர் அளவுகோல். அளவுகோல் சொல்லாமல் நீளக் கூடாது.

உற்பத்தியாளரின் வாதம்

உற்பத்தியாளர் தரப்பிலும் நியாயம் உண்டு. இத்தகைய கருவிகள் பெருந்தொகையாகச் செய்யப்படுவதில்லை. படலம் வழங்கிய ஆலை அதன் தயாரிப்பை நிறுத்திவிடலாம். பசையின் கலவை மாறலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதுப்பெயர் இட்டால் கடைகளில் தேங்கிய பழைய சரக்கு விலைபோகாது என்பது அவர்தம் அச்சம். அளவீட்டிலும் இடர்ப்பாடுகள் உள்ளன. ஒரே ஹெட்போனைச் செயற்கைக் காதின் மேல் இருமுறை வைத்து அளந்தால், மேற்சுரப் பகுதியில் இரு வேறு விடைகள் கிடைக்கும். ஆகவே சிறு வேறுபாடு ஒவ்வொன்றையும் குறையென்று கூறுதல் தகாது.

எனினும் இவ்வாதங்கள் மாற்றத்தின் தேவையை மெய்ப்பிக்கின்றனவே அன்றி, மறைப்பின் தேவையை மெய்ப்பிக்கவில்லை. புதுப்பெயர் வேண்டியதில்லை, ஒரு திருத்த எண் போதும். பழைய சரக்கின் விலை சிறிது இறங்கலாம். நம்பிக்கை இறங்கினால் புதிய சரக்கும் விலைபோகாது. அளவீட்டில் தடுமாற்றம் உண்டு என்பதும், அளந்த முறையையும் அனுமதித்த எல்லையையும் வெளியிடுவதற்கே காரணமாகும். அளக்கும் முறைகளைச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60268-7 என்னும் தரநூல் வகுத்துரைத்துள்ளது.

பெங்களூரின் நடைமுறை

வானூர்தித் தொழிலில் ஒரு பகுதியின் வரைபடம் மாறினால் அம்மாற்றத்துக்கு எண் உண்டு, ஒப்புதல் உண்டு, எந்த விமானம் முதல் அம்மாற்றம் நடைமுறைக்கு வந்தது என்னும் பதிவும் உண்டு. இராணுவ விமானங்களின் வடிவமைப்புக்கு ஒப்புதல் வழங்கும் மையம் பெங்களூரிலேயே உள்ளது. மின்னணுப் பொருள்களைச் சோதிக்கும் மத்திய அரசின் கூடமும் அந்நகரில் இயங்குகிறது. விமானத்துக்கு வேண்டிய கண்டிப்பு முழுவதையும் ஹெட்போனுக்கு விதிக்க வேண்டும் என்று எவரும் கூறார். ஆனால் 'மாற்றினால் எழுது' என்னும் முதல் விதி பொருளின் விலையைப் பொறுத்ததன்று. அது தொழில் ஒழுக்கம்.

இந்தியாவில் கம்பியில்லா ஹெட்போன்கள் 2020-ஆம் ஆண்டு ஆணையின் வழியாகக் கட்டாயப் பதிவுத் திட்டத்தில் சேர்க்கப்பெற்றன. அத்திட்டம் மின்னதிர்ச்சி, மிகைவெப்பம், தீ முதலிய ஆபத்துகளினின்று மக்களைக் காப்பது. அது செய்ய வேண்டிய பணியும் அதுவே. ஒலியின் தரத்துக்கு அம்முத்திரை சான்றாகாது. இவ்வேறுபாட்டை மக்கள் உணர்தல் நலம்.

செய்ய வேண்டுவன

ஒலியின் தரத்தைச் சட்டத்தால் நிறுவ முற்படுதல் வீண் முயற்சி. சுவை மனிதருக்கு மனிதர் வேறுபடும். ஆனால் உண்மையை வெளியிடுமாறு கேட்பது சுவையைப் பற்றியதன்று. மூன்று செயல்கள் போதுமானவை. முதலாவது, ஒவ்வொரு கருவியிலும் வரிசை எண்ணோடு வடிவமைப்பின் திருத்த எண்ணும் பொறிக்கப்பட வேண்டும். என்ன மாறியது என்பது ஓரிரு வரிகளில் வெளியிடப்பட வேண்டும். இரண்டாவது, உயர்ந்த விலையுள்ள கருவியோடு அக்கருவியையே அளந்து எடுத்த வரைபடமும், இடம் வலம் இரண்டுக்கும் இடையே அனுமதித்த வேறுபாட்டின் எல்லையும் தரப்பட வேண்டும். மூன்றாவது, பழைய திருத்த எண்ணுள்ள கருவி பழுதுற்றால், இரு படலங்களையும் இணையாகச் சேர்த்தே மாற்றித் தர வேண்டும். ஒரு காதுக்குப் பழையதும் மறு காதுக்குப் புதியதும் பொருத்துதல் செப்பனிடுதல் ஆகாது.

இவற்றைத் தாமே ஏற்கும் உற்பத்தியாளருக்கு விருப்பச் சான்று ஒன்றை வழங்க இந்தியத் தர நிர்ணய அமைவனம் முன்வரலாம். சோதனைக்கு வேண்டிய அறிவும் பயிற்சியும் பெங்களூரில் உள்ளன. இந்திய இளைஞர் நாளை இத்தகைய கருவிகளைத் தாமே வடிவமைத்து உலகச் சந்தைக்கு அனுப்ப முற்படும்போது, காந்தத்தின் வலிமையிலோ படலத்தின் மென்மையிலோ பிற நாட்டாரை உடனே விஞ்சுதல் அரிதாகலாம். சொன்ன பொருளைச் சொன்னபடி தருவதில் முதல் நாளிலேயே விஞ்சலாம். அதற்கு வேண்டியது புதிய யந்திரமன்று. ஒரு பதிவேடும், அதில் உண்மையை எழுதும் பழக்கமுமே.