பழைய சைக்கிளுக்குப் புதிய கியர் கேபிள்

பழைய இரும்பு சைக்கிளுக்குக் கியர் போட முடியாது என்று நம்மில் பலர் நம்பிக்கொண்டிருக்கிறோம். கடைக்குக் கொண்டுபோனால், "சார், இந்த ஃபிரேம்ல கேபிள் ஓட்டவே வழி இல்ல. புதுசா ஒண்ணு வாங்கிடுங்க" என்கிறார்கள். வீட்டில் பிள்ளைகளும் அதையே சொல்கிறார்கள். அடுத்த வாரம் வண்டி பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போகிறது. அப்பா காலத்திலிருந்து குடும்பத்துக்கு உழைத்த வண்டியாக இருக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தடை ஃபிரேமில் இல்லை. கேபிளையும் அதன் மேலுறையையும், அதாவது கடைக்காரர்கள் 'அவுட்டர்' என்று சொல்வதையும், சரியாகத் தேர்ந்தெடுத்தால் போதும். ஃபிரேமில் ஒரு துளைகூடப் போடாமல், ஒரு வெல்டிங் பொட்டுகூட வைக்காமல் கியர் போட்டுவிடலாம்.

இந்த வயதில் கியர் எதற்கு என்று கேட்கலாம். இந்த வயதில்தான் வேண்டும். நம்மவர்கள் பலர் சைக்கிளை விட்டதற்குக் காரணம் மேம்பாலம். சமதளத்தில் எழுபது வயதிலும் ஓட்டுவோம். பாலம் ஏறும்போதும், மாலையில் கடற்காற்றை எதிர்த்து மிதிக்கும்போதும் முழங்கால் தன் கணக்கைச் சொல்லிவிடும். கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர் எல்லாம் சேர்ந்து இருபது கிலோவைத் தொடும் வண்டி; பின்னால் இருப்பதோ ஒரே ஒரு பல்சக்கரம்.

இதற்கு மருந்து நூறு வருடத்துக்கு முன்பே வந்துவிட்டது. இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் 1902இல் தொடங்கிய ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனம், பின்சக்கர ஹப்புக்குள்ளேயே மூன்று கியர்களை அடக்கியது. 1936இல் வந்த அவர்களுடைய ஏ.டபிள்யூ. ஹப் உலகம் முழுக்க ஓடியது. அதில் நடுக் கியர் நேரடி, கீழ்க் கியர் அதில் முக்கால் பங்கு. பாலம் ஏறும்போது கீழ்க் கியருக்கு மாற்றினால் மிதிக்கும் பலத்தில் கால் பங்கு குறையும். பதிலுக்கு 100 சுற்று மிதிக்கும் இடத்தில் 133 சுற்று மிதிக்க வேண்டும். முழங்காலுக்கு இந்தப் பேரம் லாபம்தான். அந்த நிறுவனம் 2000இல் தைவான்காரர்கள் கைக்குப் போய்விட்டது. ஆனாலும் மூன்று கியர் ஹப்புகள் இன்றும் வருகின்றன.

நம் கறுப்பு சைக்கிளின் ஜாதகமும் பிரிட்டிஷ் ஜாதகம்தான். அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியதே பிரிட்டிஷ் கூட்டோடுதான். அதனால் அந்த நாட்டு வண்டிகளுக்குக் கேபிள் எப்படிப் போட்டார்கள் என்று பார்ப்பது நமக்கு உதவும். மேல் பாரில் ஒரு சிறிய கிளாம்ப். அவுட்டர் அதோடு நின்றுவிடும். அங்கிருந்து வெறும் கம்பி பார் ஓரமாகவே ஓடி, சீட்டுக்குக் கீழே கிளாம்ப் போட்ட ஒரு குட்டிக் கப்பியைச் சுற்றி, பின் ஹப்புக்கு இறங்கும். ஃபிரேமில் பற்றவைத்தது எதுவும் இல்லை. எல்லாமே ஸ்குரூ முடுக்கியவை, வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். ஆக, கிளாம்ப் போடுவது ஒட்டுவேலை என்று யாராவது முகம் சுளித்தால் கவலைப்படாதீர்கள். அந்தக் காலத்து ஆட்கள் செய்ததே அதைத்தான்.

இன்று எனக்குப் பிடித்த வழி அதைவிட எளியது. லீவரிலிருந்து ஹப் வரை அவுட்டரை முழு நீளத்துக்கும் விட்டுவிடுவது. நடுவில் கப்பி வேண்டாம், கம்பி வெளியே தெரியாது, மழையும் மண்ணும் உள்ளே போகாது. நம் ஊர்ப் புழுதிக்கு இதுவே சரி. ஃபிரேமில் நாலைந்து இடத்தில் கிளாம்ப் போட்டுப் பிடித்தால் போதும். கிளாம்புக்கு அடியில் பழைய டியூப் துண்டு ஒன்றை வைத்தால் பெயிண்டும் உரியாது.

இனி அவுட்டர் விஷயம். பெரும்பாலும் வேலை கெடுவது இங்கேதான்.

அந்தக் காலத்தில் செயினை ஒரு பல்லிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் வகைக் கியர்களில் லீவர் வழவழவென்று நகரும். செயின் எங்கே உட்கார்ந்தது என்பதைக் காதால் கேட்டு நாமே நிறுத்துவோம். 1984இல் ஜப்பானின் ஷிமானோ, 'கிளிக்' வைத்த லீவரைத் தன் உயர்தர டியூரா-ஏஸ் வரிசையில் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு ஒரு கிளிக் என்றால் ஒரு பல். எட்டுப் பல் வண்டியில் ஒரு கிளிக்குக்குக் கேபிள் மூன்று மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாகத்தான் நகர்கிறது. பல்லுக்கும் பல்லுக்கும் இடைவெளி ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவு. அவுட்டர் அரை மில்லிமீட்டர் அமுங்கினால் பின்னால் செயின் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தவறிப்போகும். பிறகு கடகடவென்று சத்தம், செயின் தாவல், "ஃபிரேம் சரியில்ல சார்" என்ற தீர்ப்பு.

பிரேக் அவுட்டரின் உள்ளே பட்டைக் கம்பி ஸ்பிரிங் போலச் சுற்றியிருக்கும். வளைத்தால் சுற்றுகள் விரியும், நீளம் மாறும். பிரேக்குக்கு அதனால் பாதகமில்லை, கியருக்கு உதவாது. கியர் அவுட்டரில் கம்பிகள் நீளவாக்கில் ஓடுகின்றன, அதனால் வளைந்தாலும் நீளம் மாறாது. இரண்டும் வெளியே பார்க்கக் கறுப்புக் குழாய்தான். ஆனால் பிரேக் அவுட்டர் பொதுவாக 5 மில்லிமீட்டர், கியர் அவுட்டர் 4 மில்லிமீட்டர். உள்ளே ஓடும் கம்பி பிரேக்குக்கு ஒன்றரை மில்லிமீட்டரும் சற்று மேலும், கியருக்கு 1.2 அளவு. பழைய கிளாம்புகளின் குழி 5 மில்லிமீட்டருக்கு வெட்டியது. மெல்லிய அவுட்டர் அதில் ஆடும். அதற்கென்று படி வைத்த முனைத் தொப்பி கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கியர் அவுட்டரை எந்தக் காரணத்துக்காகவும் பிரேக்குக்குப் போடாதீர்கள், போடவும் விடாதீர்கள். நீளவாக்கில் ஓடும் கம்பிகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது பிளாஸ்டிக் மட்டுமே. அவசரமாகப் பிரேக்கை அழுத்தும்போது அது பிய்ந்துகொண்டு போகலாம். மிச்சம் இருந்த துண்டு என்று போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஹப்புக்குள் கியர் உள்ள வண்டிக்கும் கேபிள் அளவு முக்கியம். பழைய ஏ.டபிள்யூ. ஹப்பில் நடுக் கியருக்கும் மேல் கியருக்கும் இடையில் எதிலும் பிடிக்காத ஓர் இடம் உண்டு. கேபிள் அளவு பிசகியிருந்தால் பெடல் திடீரென்று வெற்றாகச் சுற்றும். நின்று மிதிக்கும்போது இது நடந்தால் ஆள் விழுவார். எழுபது வயதில் விழுவது இருபதில் விழுவது போல அல்ல. பிற்காலத்து ஹப்புகளில் அந்த இடத்தை எடுத்துவிட்டார்கள். கிடைத்தால் புதியதையே வாங்குங்கள். அச்சு சுழலாமல் பிடிக்கும் வாஷர்களை விட்டுவிட வேண்டாம்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை அதிகம் இல்லை. அவுட்டரை வெட்டுமுன் ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். கம்பி பிரேக் உள்ள வண்டியில் அந்தக் கம்பிகளிலும் சிக்கக் கூடாது. வெட்டிய முனையை அரம் போட்டுச் சமமாக்கி, உள்குழாய் நசுங்கியிருந்தால் ஊசியால் திறந்துவிடுங்கள். சின்ன வேலைதான், ஆனால் பாதிப் புகார் இதிலேயே போய்விடும்.

பல் மாற்றும் கியரே வேண்டும் என்கிறவர்கள் பின்போர்க்கின் அகலத்தை முதலில் அளக்க வேண்டும். பழைய ஐந்து பல் ஃபிரேம்கள் 120 மில்லிமீட்டர்; புதிய சக்கரங்கள் 130, 135. இரும்பு ஃபிரேமைத் தெரிந்தவர் கையால் மெல்ல விரிக்கலாம். அலுமினியத்தை விரிக்கக் கூடாது. அதோடு, கிளிக் இல்லாத லீவரை ஹேண்டில்பாரிலேயே வையுங்கள். கேபிள் ஒரு மில்லிமீட்டர் இப்படி அப்படி இருந்தாலும் கை சரிசெய்துகொள்ளும். பழைய பந்தய சைக்கிள்களில் லீவர் கீழ்ப் பாரில் இருந்தது. ஒரு கையை விட்டுக் குனிந்து மாற்ற வேண்டும். பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் நாம் செய்யக் கூடிய வித்தை இல்லை அது.

பழைய வண்டியை அப்படியே வைத்திருப்பதுதான் மரியாதை என்று சில நண்பர்கள் சொல்வார்கள். அவர்கள் பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் மாடிப்படிக்குக் கீழே துணி போட்டு மூடிவைத்த சைக்கிளுக்கு என்ன மரியாதை? கிளாம்ப் போட்டதைப் பேரன் நாளைக்குக் கழற்றிப் பழையபடி ஆக்கலாம். ஹப்பைக்கூடப் பெட்டியில் போட்டு வைக்கலாம். துளை போட்டதையும் பற்றவைத்ததையும்தான் திருப்ப முடியாது. அதனால்தான் அந்த இரண்டும் வேண்டாம் என்கிறேன்.

செலவு? ஹப்புக்கும் சக்கரம் கோர்ப்பதற்கும் கொஞ்சம் ஆகும். கேபிளும் நல்ல அவுட்டரும் குடும்பத்தோடு ஒருநாள் ஓட்டலில் சாப்பிடும் செலவுக்குள் முடிந்துவிடும். மிச்சம் பிடிக்க நினைத்தால் வேறு எதில் வேண்டுமானாலும் பிடியுங்கள், இதில் வேண்டாம். பழைய இரும்புக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போகுமுன், கேபிள் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டுங்கள். எடைக்குப் போட்டுவிட்டால் நம் கைக்கு வருவது சில நூறு ரூபாய். அதற்கு அந்த மேம்பாலம் அதிக விலை.