இருமத் தேடலும் மெய்யான சோதனையும்

அகராதியில் ஒரு சொல்லைத் தேடுவோர் முதற் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டுவதில்லை. நடுவே திறந்து, வேண்டிய சொல் முன்னுளதோ பின்னுளதோ என நோக்கி, வேண்டாத பாதியை விலக்கி, எஞ்சிய பாதியை மீண்டும் நடுவே திறப்பர். கணினி நூலார் இருமத் தேடல் என வழங்குவது இம்முறையையே. ஏறுவரிசையில் அமைந்த அணியில் ஆயிரம் எண்கள் இருப்பினும் பத்து ஒப்பீடுகளுக்கு மேல் வேண்டா. பத்து இலட்சம் எண்களுக்கு இருபதே போதும்.

இத்துணை எளியதொன்றை எழுதுவதிற் பிழை நேருமோ என மாணவர் வினவலாம். நேரும் என்பதே சரித்திரங் காட்டும் விடை. 1946-ஆம் ஆண்டிலேயே ஜான் மாக்லி என்பார் இம்முறையைத் தம் விரிவுரையிற் குறிப்பிட்டார். ஆயினும், எவ்வளவு எண்கள் கொண்ட அணிக்கும் பொருந்துமாறு அது செவ்வனே அச்சேறுதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயின.

ஆய்வுக்கூடங்களில் நாம் காண்பது யாது? பத்து எண்கள் கொண்ட ஓர் அணி; அதிலுள்ள ஓர் எண்; திரையில் சரியான விடை; உடனே பதிவேட்டில் ஆசிரியர் கையொப்பம். இதனைச் சோதனை என்றல் தகாது என்பது எம் கருத்து. வெல்லும் என அறிந்த வினாவை மட்டும் வினவுதல் தன்னைத் தான் ஏமாற்றிக் கொள்ளுதலேயாம்.

பிழை பெரும்பாலும் எல்லைகளிலேதான் ஒளிந்திருக்கும். இரண்டு எல்லைகளையும் உட்கொண்டு தேடும் செயற்கூற்றில், கீழெல்லை மேலெல்லையினும் சிறிதாயிருக்கும் வரையே சுற்றை ஓட்டினால், 5 என்னும் ஒரே எண் கொண்ட அணியில் அவ்வெண்ணே அகப்படாது. கீழெல்லையை நடுவிடத்திற்கு அடுத்ததாக நகர்த்தாமல் நடுவிடத்திலேயே நிறுத்தினால், 3, 7 என்னும் அணியில் 7-ஐத் தேடுங்கால் சுற்று முடிவின்றி ஓடும். இவ்விரண்டும் பத்தெண் அணியின் நடுவெண்ணைத் தேடும்போது தோன்றமாட்டா.

ஆதலின் வெற்றணி முதற் பத்து எண்கள் கொண்ட அணிவரை ஒவ்வோர் அளவையும் எடுத்துக் கொள்க. ஒவ்வொன்றிலும் உள்ள எண்கள் அனைத்தையும், அவற்றின் இடைவெளிகளில் விழும் எண்களையும், முதலெண்ணினும் சிறியதையும், கடையெண்ணினும் பெரியதையும் தேடுக. வரிசையாக ஒவ்வோரெண்ணாய்ப் பார்க்கும் தேடலின் விடையோடு ஒப்பிடுக. ஒரே எண் பன்முறை வருமாயின் எவ்விடத்தைத் திருப்பித் தரவேண்டும் என்பதை முன்னரே வரையறுத்துக் கொள்க. கணினிக்கு இவையெல்லாம் ஒரு நொடிப் பொழுதின் வேலை.

எனினும் சோதனை ஒன்றே போதும் என யாம் கூறவில்லை. 2006-ஆம் ஆண்டில் ஜாஷுவா ப்ளாக் என்பார், ஜாவா மொழியின் நூலகத்திற்குத் தாம் எழுதிய இருமத் தேடலிற் பிழையுளது என வெளியிட்டார். நடுவிடங் காண இரண்டு எல்லைகளையும் கூட்டி இரண்டால் வகுத்திருந்தார். எண்களின் தொகை 107 கோடியைத் தாண்டிய அணியில் அக்கூட்டுத்தொகை 2147483647 என்னும் வரம்பைக் கடந்து எதிரெண்ணாய்விடக் கூடும். அப்பிழை ஏறக்குறைய ஒன்பதாண்டுகள் மறைந்து கிடந்தது. எல்லைகளின் வேறுபாட்டைப் பாதியாக்கிக் கீழெல்லையோடு கூட்டின் அது நீங்கும். சிற்றணிகளைக் கொண்டு எத்துணை சோதித்திருப்பினும் இது வெளிப்பட்டிராது. எண்ணின் வரம்பைச் சிந்தித்திருந்தாற் புலப்பட்டிருக்கும். ஆகவே சோதனையும் சிந்தனையும் ஒன்றுக்கொன்று துணையாதல் வேண்டும்.

ப்ளாக் அவர்கள் தம் பிழையைத் தாமே உலகறியக் கூறினார். அதனால் அவர் புகழ் குன்றவில்லை. நம் மாணவரோ பிழை கண்டால் நாணி மறைக்கின்றனர். விடைக்கு மட்டும் மதிப்பெண் அளிக்கும் வழக்கமே அதற்குக் காரணம். கையொப்பமிடுமுன், “இதனைத் தோற்கடிக்க நீர் என்ன முயன்றீர்?” என ஆசிரியர் வினவுவாராக. தம் செயற்கூற்றின் குறையைத் தாமே கண்டு திருத்திய மாணவருக்கு மதிப்பெண் கூட்டி அளிப்பாராக. அங்ஙனமாயின் பதிவேடு உண்மையின் பதிவேடாகும்.