பார்த்துக்கொண்டிருக்கும் முப்பது பேர்

"வெறும் கைப்பேசிதானே, அணைத்துவிட்டுப் படி!" இணையப் பகடிவதைக்கு ஆளான பிள்ளைக்கு நம் வீடுகளில் பெரும்பாலும் கிடைக்கும் முதல் அறிவுரை இதுதான். ஆசிரியர் அறையிலும் இதைக் கேட்டிருக்கிறேன். அறிவியல் கற்பிக்கும் எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

2003ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் நவோமி ஐசன்பெர்கர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஓர் எளிய சோதனை செய்தார்கள். மூன்று பேர் கணினித் திரையில் பந்தை மாறி மாறி எறிந்து விளையாட வேண்டும். விளையாடுபவரின் மூளையை எம்.ஆர்.ஐ. கருவி படம் பிடிக்கும். சிறிது நேரத்தில் மற்ற இருவரும் அவரை விட்டுவிட்டுத் தங்களுக்குள்ளேயே பந்தை எறிந்துகொள்வார்கள். அவ்வளவுதான். அடி இல்லை, திட்டு இல்லை. ஆனாலும் உடல் வலியின் வேதனையோடு தொடர்புடைய மூளைப் பகுதி ஒன்றில் செயல்பாடு கூடியது. மறு ஆண்டு வெளிவந்த இன்னோர் ஆய்வு இதைவிட வியப்பானது. "உங்களை ஒதுக்குவது மனிதர் அல்லர், கணினி நிரல்தான்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு விளையாட வைத்தார்கள். அப்படியும் அவர்கள் மனம் வாடினார்கள்.

முகம் தெரியாத ஒரு நிரல் பந்து தராததற்கே பெரியவர்களுக்கு இந்த நிலை. அப்படியென்றால் தினமும் வகுப்பில் பக்கத்தில் உட்காரும் தோழி புலனக் குழுவிலிருந்து நீக்கிவிட்டாலோ, புகைப்படத்தை வெட்டி ஒட்டிக் கேலிச் சித்திரமாக்கி அனுப்பினாலோ, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கேலி செய்யும் பிள்ளையையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும். (புரிந்துகொள்வது வேறு, மன்னித்துவிடுவது வேறு.) 2005இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கணினியில் கார் ஓட்டும் விளையாட்டைத் தனியாகவும் நண்பர்கள் பார்க்கவும் ஆடச் சொன்னார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் பெரிய வேறுபாடு இல்லை. 13 முதல் 16 வயதுப் பிள்ளைகளோ, நண்பர்கள் பார்க்கிறார்கள் என்றதும் மிக அதிகமாகத் துணிந்தார்கள். விளைவை எண்ணிப் பார்த்து நம்மை அடக்கும் மூளையின் முன்பகுதி இருபது வயதைக் கடந்தும் வளர்ந்துகொண்டிருப்பது இதற்கு ஒரு காரணம். புலனக் குழுவில் அந்தப் பார்வையாளர்கள் இரவு பகலாக இருக்கிறார்கள். முப்பது பேர் கொண்ட குழுவில் இருவர் கேலி செய்வார்கள், ஐந்தாறு பேர் சிரிப்புப் பொம்மை போடுவார்கள், மற்றவர்கள் வாய் திறக்காமல் பார்ப்பார்கள். கேலி செய்பவருக்கு ஊக்கமாக இருப்பது அந்தக் கூட்டம்தான்.

நம் நாட்டில் சட்டம் கடுமையாகிவிட்டது. 2024இல் சமூக ஊடகப் பிரபலம் ஒருவர் இறந்த பிறகு, அவரை இழிவுபடுத்தியதாக ஒப்புக்கொண்ட பெண்ணுக்கு 100 வெள்ளி மட்டுமே அபராதம் விதிக்கப்பட்டபோது நாடே கொதித்தது. 2025 ஜூலை 11 முதல் தண்டனைச் சட்டத்தில் பகடிவதைக்கெனப் புதிய பிரிவுகள் நடப்புக்கு வந்துள்ளன. ஒருவரைத் தற்கொலை முயற்சி வரை தள்ளினால் 10 ஆண்டு வரை சிறை. இதை நான் வரவேற்கிறேன். ஆனால் சட்டம் வருவதற்குள் பிள்ளை நொறுங்கிப் போயிருக்கும். மேலும், படிவம் ஒன்று மாணவனைக் காவல் நிலையத்தில் நிறுத்துவதால் அவனுடைய குழு மாறிவிடாது.

பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய 'கிவா' திட்டம் வேறு வழியில் போனது. அது வேடிக்கை பார்ப்பவர்களுக்குப் பாடம் நடத்தியது. சிரிக்காமல் இருப்பது எப்படி, பாதிக்கப்பட்டவன் பக்கம் நிற்பது எப்படி என்று வகுப்பிலேயே பயிற்சி கொடுத்தார்கள். பகடிவதை குறைந்ததை ஆய்வுகள் காட்டின. நம் பள்ளிகளில் கட்டொழுங்கு ஆசிரியர் இருவரைக் கூப்பிட்டு எச்சரிப்பதோடு விவகாரம் முடிகிறது. மற்ற இருபத்தெட்டுப் பேரிடம் யாரும் பேசுவதில்லை.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை வந்து சொன்னால் முதல் வேலையாகக் கைப்பேசியைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் தண்டனை பாதிக்கப்பட்டவனுக்குத்தான். அடுத்த முறை அவன் வாயே திறக்கமாட்டான். பல பிள்ளைகள் பெற்றோரிடம் மறைப்பது இந்தப் பயத்தால்தான். வந்த செய்திகளை அழிக்காமல் திரைப்படம் பிடித்து, தேதியோடு வைத்துக்கொண்டு வகுப்பாசிரியரிடமோ ஆலோசக ஆசிரியரிடமோ காட்டுங்கள். பிள்ளை சாப்பிடாமல், உறங்காமல், பள்ளிக்குப் போக மறுத்தால் காத்திருக்க வேண்டாம். தாலியான் காசே 15999 எண்ணை அழையுங்கள்.

சக ஆசிரியர்களுக்கும் ஒன்று. படிவம் மூன்று அறிவியலின் முதல் அலகே தூண்டலும் துலங்கலும்தான். மூளையின் படத்தை வரையச் சொல்லிப் பாகங்களுக்குப் பெயர் எழுத வைக்கிறோம். அதே பாடத்தில் பதினைந்து நிமிடம் ஒதுக்கி, அந்தப் பந்து விளையாட்டைப் பற்றிச் சொல்லுங்கள். பிறகு, பந்து கிடைக்காதவனுக்கு யார் எறிந்திருக்கலாம் என்று கேளுங்கள். தேர்வில் அந்தக் கேள்வி வராது. ஆனாலும் கேளுங்கள்.